நரம்பு வலி மாத்திரையும் காபியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோயால் பாதம் எரிந்து, மரத்துப்போய், நரம்பு வலிக்கான மாத்திரையை முதன்முறையாக வாங்க வருபவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது என் பணி. முன்பு வந்தவர்கள் காபி விஷயத்தில் செய்து அவதிப்பட்ட தவறுகளையே புதியவர்களும் செய்வதைக் காண்கிறேன். அளவுக்கு மீறிக் குடிக்கக் கூடாது என்பது போன்று எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காபி குடித்த நாளில் மாத்திரையை விடுவது

காபி மருந்தை முறித்துவிடும் என்ற அச்சத்தில் சிலர் அன்றைய மாத்திரையைத் தவிர்த்துவிடுகிறார்கள். நரம்பு வலி மருந்துகளான பிரீகாபலினும் காபாபென்டினும் கல்லீரலில் சிதைவதில்லை. ஏறக்குறைய முழுவதும் உருமாறாமல் சிறுநீரில் வெளியேறுகின்றன. காபியில் உள்ள காஃபினைச் சிதைப்பது கல்லீரல். ஆகவே ஒன்றின் வெளியேற்றத்தை மற்றொன்று தடுப்பதில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதுதான் தீங்கு: வியர்வை, பதற்றம், குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வரக்கூடும். நிறுத்த வேண்டுமானால் குறைந்தது ஒரு வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

மருந்தின் கலக்கத்தைக் காபியால் அடக்குவது

எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் நிகழ்கிற, இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இது. பிரீகாபலினும் காபாபென்டினும் தொடக்கத்தில் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் தருவது இயல்பு. பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். தணியவில்லை என்றால், மருந்தின் அளவு அந்த உடலுக்கு மிகுதி என்று ஐயப்பட வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவரின் இரத்தத்தில் இம்மருந்துகள் தேங்கும் என்பதால், சிறுநீரகம் கழிவை வடிக்கும் வேகத்தைக் காட்டும் கிரியாட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே இறங்கினால் பிரீகாபலினின் அளவைக் குறைக்க வேண்டும். பாதத்தின் நரம்புகளைச் சிதைக்கும் சர்க்கரை நோய் சிறுநீரகத்தையும் சிதைக்கிறது என்பதால், இம்மாத்திரை அதிகம் தேவைப்படுபவர்களுக்கே இந்த ஆபத்தும் அதிகம். அந்தக் கலக்கத்தைக் காபியால் அமுக்குகிறவர், உடல் தரும் எச்சரிக்கையின் வாயைப் பொத்துகிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "மாத்திரை நன்றாகக் கேட்கிறது தம்பி, ஆனால் காபி இல்லாவிட்டால் பகலில் கண் சொருகிக்கொண்டு போகிறது" என்றார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருந்த வழக்கம், முற்பகலிலும் மூன்று மணிக்கும் விளக்கு வைத்த பிறகும் என்று பெருகியிருந்தது. காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். அவருக்கு இரவுத் தூக்கம் கெட்டது. தூக்கம் கெட்டதால் வலி கூடியது. வலி கூடியதால் 75 மில்லிகிராம் 150 ஆக உயர்ந்தது. அதனால் பகல் கலக்கமும் அதற்கேற்பக் காபியும் மேலும் கூடின. பிறகு உறவினர் ஒருவர் தந்த தூக்க மாத்திரையையும் சேர்த்துக்கொண்டு, நள்ளிரவில் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன் பின்னரே சிறுநீரகப் பரிசோதனை நடந்தது. மருந்தின் அளவு குறைக்கப்பட்டதும் கலக்கம் விலகியது. எத்தனை காபி, எந்த நேரத்தில் என்று அதற்கு முன் எவரும் அவரிடம் கேட்கவில்லை என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காஃபின் செய்வது, சோர்வை மூளைக்கு உணர்த்தும் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தூக்க உணர்வை மறைப்பது மட்டுமே. நரம்பின் கால்சிய வாயில்களில் பிரீகாபலின் செய்யும் வேலையை அது தொடுவதில்லை. ஆகவே விழிப்பாக இருப்பதாக எண்ணி ஸ்கூட்டரை எடுப்பவரின் தள்ளாட்டம் அப்படியே இருக்கிறது. தூக்க மாத்திரையையோ மதுவையோ இவற்றோடு சேர்ப்பது இன்னும் கொடியது. மூச்சு மந்தமாகும் ஆபத்தைப் பற்றி 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரித்தது. முதியவர்களும் நுரையீரல் நோயுள்ளவர்களும் இதை மிகுந்த கவனத்துடன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நாளில் காபியை நிறுத்துவது

மாத்திரை தொடங்கும் அன்றே காபியை முற்றிலும் விட்டால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் தொடங்கலாம். அதை மாத்திரையின் பக்கவிளைவு என்று எண்ணி மருந்தையே கைவிட்டவர்கள் உண்டு. குறைக்க விரும்பினால், மாலைக் காபியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

சத்து மாத்திரை என்று எண்ணுவது

பிரீகாபலினும் வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் நாட்டில் வழக்கம். இரண்டாவது பெயர் மட்டும் நினைவில் நின்று, வைட்டமின்தானே என்று நினைத்தபோது போடுவதும் விடுவதுமாக இருக்கிறார்கள். அட்டையின் பின்புறத்தை முழுவதும் படியுங்கள்.

கணக்கில் வராத காஃபின்

தேநீர், கோலா, எனர்ஜி பானம், சில தலைவலி மாத்திரைகள்.

கேப்ஸ்யூலைப் பிரித்துக் காபியில் கலப்பது

நரம்பு வலிக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான டுலாக்செட்டினில் இதைச் செய்யாதீர்கள். உள்ளிருக்கும் துகள்களின் மேற்பூச்சு வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கிறது.

எல்லா நரம்பு மாத்திரையும் ஒன்றே என்று கருதுவது

மருந்தும் காஃபினும் வெவ்வேறு வழியில் வெளியேறுகின்றன என்று முதலில் சொன்ன விளக்கம் டுலாக்செட்டினுக்குப் பொருந்தாது. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்றே காஃபினையும் சிதைக்கிறது. டுலாக்செட்டின் இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் தூக்கத்தைக் கெடுக்கவும் கூடும், காபியும் அவ்வாறே. இம்மாத்திரையைத் தொடங்கிய பின் படபடப்போ கை நடுக்கமோ வந்தால், காபியைக் குறைத்து இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதப் புண்ணுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின் எழுதப்பட்டால், அது அந்த நொதியையே தடுத்து டுலாக்செட்டின், காஃபின் இரண்டின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும் என்பதால், டுலாக்செட்டின் சாப்பிடுவதாக மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.