வைஃபையை விடாத வண்டி

நான் பராமரித்த வண்டிகளின் ரௌட்டரில் நிறுத்துமிடத்தின் வைஃபை, வெளியே 4ஜி என இரண்டு இணைப்புகள் இருந்தன. வண்டி நிறுத்துமிடத்தை விட்டுக் கிளம்பியதும் அது எங்கள் சர்வருக்கு அனுப்பும் இருப்பிடத் தகவல் அரை நிமிடத்துக்கும் மேலாக நின்றுபோனது. 4ஜி சிக்னல்தான் பலவீனம் என்று நம்பி, ஆண்டெனாவை மாற்றிப் பார்த்து ஒரு வாரத்தை இழந்தேன்.

உண்மைக் காரணம் பதிவுக் கோப்பில் இருந்தது: வாயிலைத் தாண்டிய பின்னும் மைனஸ் 86 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; பூஜ்ஜியத்திலிருந்து கீழே போகப் போகப் பலவீனம்) அளவில் ஒட்டிக்கொண்டிருந்த வைஃபையையே, அதன் மெட்ரிக் எண் (வழிகளின் முன்னுரிமை எண்; குறைந்ததற்கே முதலிடம்) குறைவு என்பதால், ரௌட்டரின் இயங்குதளமான லினக்ஸ் முதல் வழியாகக் கொண்டிருந்தது.

ஆகவே ஒவ்வொரு இணைப்பின் வழியாகவும் வெளியிலுள்ள சர்வருக்கு இரண்டு வினாடிக்கு ஒருமுறை பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பி, தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் அந்த வழியை நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். சிக்னல் மைனஸ் 75-க்குக் கீழே இறங்கினால் வைஃபையை விடுவது, மைனஸ் 65-ஐத் தாண்டினால் மட்டுமே மீண்டும் சேர்வது என இடைவெளியும் வைத்தேன். ஒரே எண்ணை வைத்தால் வாயிலருகே நிற்கும் வண்டி ஓயாமல் மாறி மாறித் தாவும். கேமரா பதிவுகளை வைஃபைக்கு மட்டும் ஒதுக்கினேன்.

தகவல் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி இணைப்பு ஐபி முகவரியோடு பிணைந்தது என்பதால், வழி மாறும்போது அறுபடும். லினக்ஸ் 5.6 முதல் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) உள்ள, ஒரே இணைப்பைப் பல வழிகளில் நடத்தும் மல்டிபாத் டிசிபி இதற்கு நல்ல தீர்வு. எங்கள் சர்வர் அதை ஏற்காததால், இருப்பிடச் செய்தியை மட்டும், நிலையான இணைப்பு தேவைப்படாத யுடிபிக்கு மாற்றினேன். இப்போது தடை ஆறேழு வினாடிதான்.