மேல்மலையில் செயற்கைக்கோள் இணைய ஆன்டெனாவை நிறுவும் முறை

பழனி மலைத்தொடரில் கொடைக்கானலை அடுத்துள்ள பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற மேல்மலை ஊர்களில் பள்ளிக்கோ பண்ணைக்கோ செயற்கைக்கோள் இணையம் அமைக்க விரும்புவோர், டிஷ் ஆன்டெனாவை எங்கே நடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்றுள்ள ஒரு செயற்கைக்கோளை மட்டும் மனத்தில் வைத்து இடம் பார்க்கக் கூடாது. இஸ்ரோ 2018-ல் அனுப்பிய ஜிசாட்-11 கோளின் எடை 5,854 கிலோ. இத்தகைய பெரிய கோள்கள் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும். இப்போது சில நூறு கிலோ எடையில் வரும் சிறிய புவிநிலைக் கோள்களையோ (பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுபவை), தேவைக்கேற்ப வேறு தீர்க்கரேகைக்கு நகர்த்திப் பயன்படுத்த முடியும். அலாஸ்காவுக்காக 2023-ல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரானிஸ் நிறுவனத்தின் சிறிய கோளில் சூரியத் தகடுகளைத் திருப்பும் கருவி பழுதானது. இப்படிப் பழுதாலோ இடமாற்றத்தாலோ நாம் பயன்படுத்தும் கோள் மாறினால் தரையிலுள்ள ஆன்டெனாவும் புதிய திசைக்குத் திரும்பியாக வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து பார்த்தால், 74 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலுள்ள ஜிசாட்-11, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 199 பாகைத் திசையில், தொடுவானத்திலிருந்து 77 பாகை உயரத்தில் இருக்கும். 68 பாகை கிழக்கிலுள்ள கோளுக்குத் திசை 223, உயரம் 74. 83 பாகை கிழக்கு என்றால் திசை 151, உயரம் 76. ஆகவே தென்கிழக்கிலிருந்து தென்மேற்கு வரை உச்சிவானம் திறந்திருக்கும் இடமே சிறந்தது. மலைமுகடு மறைக்காது, பக்கத்திலுள்ள சீகை மரமும் தைல மரமும்தான் மறைக்கும். பதினைந்து மீட்டர் மரத்தின் கிளை நுனியிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டராவது தள்ளி நடுங்கள்; மரம் வளரும் என்பதால் இன்னும் தள்ளினால் நல்லது.

கம்பத்தைக் கான்கிரீட்டில் ஊன்றும்போது இரு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் பின்னர் எந்த அளவுகோலையும் நம்ப முடியாது. ஆன்டெனாவை 77 பாகை வரை நிமிர்த்த முடியாத தாங்கிகளும் உண்டு என்பதால், வாங்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஆன்டெனாவைத் திருப்பும் வேலையில் மேல்மலைக்காரர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கோள் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்பதால், கிடைமட்டமாக நான்கைந்து பாகை திருப்பினாலும் ஆன்டெனாவின் பார்வை ஒரு பாகைதான் நகரும். உயரத்தில் ஒரு பாகை பிசகினாலோ சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே உயரத்தை முதலில் மிகத் துல்லியமாக அமைத்துவிட்டு, கம்பத்தைச் சுற்றி மெல்லத் திருப்பி, சிக்னல் உச்சத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தி, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். முனைவாக்கச் சோதனையை (அலைகள் அதிரும் தளம் கோளோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது) முடித்துச் சேவை நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையம் அனுமதி தரும்வரை அலைபரப்பியை இயக்கக் கூடாது. தவறினால் அதே கோளையோ அண்டைக் கோள்களையோ பயன்படுத்தும் மற்றவர்கள் பாதிக்கப்படுவர்.

இடிதாங்கியும் தரையிணைப்பும் மலையில் கட்டாயம். மூடுபனியால் பெரிதாக இழப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகைக் கனமழைதான் இணைப்பைத் தளர்த்தும், கா (Ka) பட்டை எனும் உயர் அதிர்வெண் அலைவரிசையில் இன்னும் கூடுதலாக. ஆன்டெனா வானத்தை நோக்கி மல்லாந்திருப்பதால் மழைநீரும் சருகும் தேங்காமல் அடிக்கடி பார்த்துத் துடைக்க வேண்டும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள், நண்பகலை ஒட்டிச் சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருவதால் சில நிமிடங்கள் இணையம் துண்டிக்கப்படும். அப்போது கருவி பழுதென்று எண்ணி ஆன்டெனாவைத் திருப்பிவிடாதீர்கள்.