பைன் பலகையும் நாம் விடும் தவறுகளும்

திருகோணமலையில் பைன் மரம் வளர்வதில்லை. ஆனால் பைன் பலகை எங்கள் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. பெரும்பாலும் இறக்குமதிச் சாமானை அடுக்கி அனுப்பும் மரத் தட்டை, அதாவது பேலட்டை, உடைத்து எடுத்த பலகைதான். நியூசிலாந்து, சிலி நாடுகளில் இருந்து வருவது என்றால் அநேகமாக அது ரேடியாட்டா பைன்.

முதலில் பெயரில் நடக்கிற குழப்பம். கடற்கரைச் சவுக்கைக் காட்டி "பைன் மரம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சவுக்கின் ஊசி ஒன்றைப் பிய்த்து இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, மெல்லிய கிளை. கணுவைச் சுற்றிப் பொடிப் பல்லாகத் தெரிவதுதான் இலை. ரேடியாட்டா பைனின் ஊசி அப்படிக் கழலாது, அடியில் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும்.

அப்புறம், பைனை முதிரை, பாலை போல வைரமான மரம் என்று நினைத்து வேலைக்கு எடுப்பது. நான் அந்தத் தவறைச் செய்தேன். புத்தக அலுமாரி ஒன்றை நேரே சீமெந்துத் தரையில், சுவரோடு ஒட்டி வைத்தேன். ஒரு மாரி முடிந்து கீழ்த்தட்டை விரலால் அழுத்தினால், மேலே பெயின்ட் மட்டும் இருக்கிறது, உள்ளே முழுக்கக் கறையான் மண். ஓடாவியார் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குக் கால் வைச்சு, சுவரில இருந்து நாலு விரல் தள்ளி வைச்சிருக்க வேணும்" என்றார். அவர் சொன்ன இன்னும் இரண்டு: கணு இருக்கிற இடத்தில் முதலில் அரக்குப் பூசாமல் பெயின்ட் அடித்தால் பிசின் மஞ்சளாகக் கசியும். எங்கள் உப்புக் காற்றுக்குச் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், நாகம் பூசிய ஆணி வாங்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று உண்டு. இலேசான பச்சை நிறம் ஏறிய பைன் துண்டுகளை அடுப்பில் வைக்கவே வேண்டாம். அது செம்பு, குரோமியம், ஆர்சனிக் மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அந்தச் சாம்பலைக் கத்தரிக்குப் போடுவதும் கூடாது. பேலட்டில் 'எச்டி' (HT) முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைட் புகை பிடித்தது. சாமான் செய்ய முதலாவதையே எடுங்கள்.

இனி எனக்கு மனதை உறுத்துகிற தவறு. "பைன்தானே, உலகம் முழுக்கக் கிடக்கு" என்கிறோம். நட்ட காடு கிடக்கிறது, உண்மை. நியூசிலாந்தின் தோட்டக் காட்டில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே மரம்தான். ஆனால் ரேடியாட்டா தானாக வளரும் சொந்த இடம் உலகத்தில் ஐந்தே ஐந்து: கலிபோர்னியாக் கரையில் மூன்று, மெக்சிக்கோவின் குவாடலூப்பே, செட்ரோஸ் தீவுகள். அங்கே அது அழியும் ஆபத்தில் இருக்கிற இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. 1986இல் கலிபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்ட பிசின் புற்று என்ற பூஞ்சண நோய் பல மரங்களைக் கொன்றது. குவாடலூப்பேயில் ஆடுகள் நூறு வருடத்துக்கு மேலாக முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்ததால் கிழட்டு மரங்களே மிஞ்சின. ஆடுகளை அகற்றிய பிறகுதான் கன்றுகள் தலை தூக்கின. நாளைக்குத் தோட்டங்களில் புது நோய் வந்தால் அதைத் தாங்கும் விதையை இந்த ஐந்து இடத்தில்தான் தேட வேண்டும்.

ஆசைப்பட்டு அந்த மரத்தை இங்கே நட்டுப் பார்ப்பதும் வீண். அதற்குக் குளிர்ந்த கடற்பனி வேண்டும், எங்கள் ஆவணி வெயில் ஒத்துவராது. வளவில் இடம் இருந்தால் சாவண்டலை நடுங்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'திருகோணமலை மரம்'. சென்னையில் அலையைத் தாண்டிப் போன மசூலாப் படகுகளைக் கட்ட ஏற்றுமதியானது அந்தப் பலகைதான். ஐப்பசி மழை தொடங்கும்போது கன்றை வையுங்கள், மாடு எட்டாதபடி முதல் இரண்டு வருடம் வேலி கட்டிவிடுங்கள்.