‘மேட் இன்’ முத்திரையை நம்பலாமா? விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டாரைச் சோதித்து வாங்கும் முறை

முதல் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சைனாவா, இந்தோனேசியாவா, எது நல்லது? நேரடியாகச் சொல்லிவிடுவோம். நாட்டின் பெயரை வைத்துத் தரத்தைக் கணிக்க முடியாது. எந்த விலை வரிசை, எந்த வருடம், உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கிட்டாருக்கு ஆலையில் எவ்வளவு கைவேலை செய்திருக்கிறார்கள் என்ற மூன்றும்தான் தரத்தைச் சொல்லும். அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முத்திரைக்கு வந்த பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1970களில் ‘மேட் இன் ஜப்பான்’ என்றால் அமெரிக்க கிட்டார்களின் மலிவு நகல் என்றுதான் பொருள். அப்போது வந்தவற்றில் பலவற்றின் உடல் ஒட்டுப்பலகை. ஆனால் 1982-இல் அமெரிக்க நிறுவனமான ஃபெண்டர் தன் மலிவு பிராண்டான ஸ்குவையரின் கிட்டார்களை ஜப்பானின் மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் ஆலையில் செய்யத் தொடங்கியபோது, அந்தத் தொடக்கக் கால ஸ்குவையர்கள் அமெரிக்காவில் செய்தவற்றோடு ஒப்பிடும் அளவுக்கு இருந்தன. இன்று அவற்றைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். அதே நாடு, பத்தே வருட இடைவெளி, அடியோடு வேறு கிட்டார்.

பிறகு 1985-இலிருந்து யென்னின் மதிப்பு ஏற, ஜப்பானில் மலிவாகச் செய்வது கட்டுப்படியாகவில்லை. மலிவு வரிசைகள் கொரியாவுக்குப் போயின. கொரியாவில் கூலி உயர்ந்ததும் இந்தோனேசியாவுக்கும் சைனாவுக்கும் நகர்ந்தன. புது இடத்தில் முதல் சில வருடங்கள் தரம் தடுமாறும்; ஆட்கள் பழகியதும் நிமிர்ந்துவிடும். ‘கொரியா கிட்டார் மோசம்’, ‘சைனா என்றாலே குப்பை’ போன்ற பேச்சுகள் பெரும்பாலும் அந்தத் தடுமாற்ற வருடங்களில் பிறந்தவை. பேச்சு மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

அண்மைய உதாரணம்: ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசை 2008-இல் சைனாவில் தொடங்கியது; 2019-இல் இந்தோனேசியாவுக்கு மாறியது. அமெரிக்க பிராண்டான பிஆர்எஸ்ஸின் விலை குறைந்த எஸ்இ வரிசை கொரியாவில் தொடங்கியது. இப்போது அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவின் சுரபயா வட்டாரத்தில் கோர்ட் நிறுவனத்தின் ஆலையில் தயாராகிறது. ஸ்குவையரும் அந்த நிறுவனத்திடம் செய்து வாங்குகிறது. கோர்ட்டின் சொந்தக் கிட்டார்களும் அங்கேயே தயாராகின்றன. ஒரே நிறுவனத்திடமிருந்து மூன்று பிராண்ட், மூன்று விலை. என்ன மரம், என்ன பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தப் பாகம்), ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) எத்தனை நிமிடம் செலவிடலாம் என்பதை ஆர்டர் கொடுக்கும் பிராண்ட் தீர்மானிக்கிறது. மரத்தைச் செதுக்கும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்துக்கு நாடு தெரியாது. செதுக்கிய பிறகு நடக்கும் கைவேலைக்குத்தான் காசு ஆகிறது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான்.

படி 2: சீரியல் எண்ணைப் படியுங்கள்

தலைப்பகுதியின் பின்புறத்தையோ, நெக்கை (கிட்டாரின் கழுத்து) உடலோடு இணைக்கும் பின்பக்கத் தகடான நெக் பிளேட்டையோ பாருங்கள். ஸ்குவையரில் ‘ஐசிஎஸ்’ என்று தொடங்கினால் இந்தோனேசியா, கோர்ட் ஆலை. அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஃபெண்டரில் ‘எம்எக்ஸ்’ என்றால் மெக்சிகோவின் என்செனாடா ஆலை. ஐபனெஸில் ‘ஐ’ என்று தொடங்கினால் இந்தோனேசியா, ‘எஃப்’ என்றால் ஃபுஜிஜென். இப்போதைய எபிஃபோன்களில் முதல் நான்கு இலக்கம் வருடமும் மாதமும்.

‘டிசைன்ட் இன்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வரைபடம் எங்கே போட்டார்கள் என்பதற்கும் கிட்டார் எங்கே செய்யப்பட்டது என்பதற்கும் தொடர்பில்லை.

வருடம் தெரிந்தால் இன்னொரு பயன் உண்டு. கடையில் மூன்று நான்கு வருடமாகத் தொங்கும் கிட்டார் என்றால் நெக் அசைந்திருக்க வாய்ப்பு அதிகம். படி 4-ஐக் கூடுதல் கவனத்தோடு செய்யுங்கள், விலையையும் பேசிக் குறையுங்கள்.

படி 3: காசு எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

*உடல்.* ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ கிட்டாரின் வழக்கமான தடிமன் சுமார் 44 மி.மீ. அடிமட்ட வரிசைகளில் 40 மி.மீ. பக்கம் இருக்கும். இதனால் சத்தம் கெட்டுவிடாது. ஆனால் உள்ளே இருக்கும் ட்ரெமலோ பிளாக்கும் (கம்பிகளின் முனை கோர்க்கப்படும் உலோகக் கட்டி) குட்டையாக இருக்கும். பின்னாளில் நல்ல பிளாக் வாங்கினால் பின்பக்கம் துருத்தும். பாப்லர், பாஸ்வுட், நேட்டோ எதுவானாலும் பரவாயில்லை. ஒட்டுப்பலகை மட்டும் வேண்டாம்: பிரிட்ஜின் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) திருகுகள் காலப்போக்கில் பிடிமானம் இழக்கும். பின்பக்க ஸ்ப்ரிங் மூடியைத் திறந்து குழியின் ஓரத்தைப் பாருங்கள். பெயின்ட் படாத இடத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

*ஃபிங்கர்போர்ட்.* 2017-இல் ரோஸ்வுட் வகைகள் எல்லாமே, அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது மலிவு வரிசைகள் வேறு மரங்களுக்கு மாறின. விவரப் பட்டியலில் ‘இந்தியன் லாரல்’ என்று வருவது வேறொன்றுமில்லை, நம் கருமருதுதான். ஈட்டி மரத்துக்குப் பதிலாக வந்தது என்பதற்காக மட்டம் என்று நினைக்க வேண்டாம். நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான்.

*எலக்ட்ரானிக்ஸ்.* காசு அதிகமாக மிச்சம் பிடிக்கும் இடம் இது. சின்ன 16 மி.மீ. பாட் (ஒலியளவு, டோன் திருகு), பெட்டிபோல் மூடிய ஸ்விட்ச், மெல்லிய ஒயர். வேலை செய்யும், சீக்கிரம் கரகரக்கும். ஆனாலும் பாட், ஸ்விட்ச், ஜாக் (ஒயர் சொருகும் துளை) மூன்றையும் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். கோணிய நெக்கை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆகவே வாங்கும்போது பார்வை நெக்கிலேயே இருக்கட்டும்.

படி 4: கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

கையில் ஒரு ஏடிஎம் கார்டும் போனில் ஒரு ட்யூனர் செயலியும் போதும். முதலில் கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்துகொள்ளுங்கள். தளர்ந்த கம்பியோடு நெக்கைப் பார்த்துப் பயனில்லை.

ஃப்ரெட் ஓரம்: நெக்கின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை மேலும் கீழும் நகர்த்துங்கள். முள்போல் குத்தினால், ஓரம் சரியாக அராவப்படவில்லை, அல்லது பலகை சுருங்கியிருக்கிறது. காற்று வறண்டால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. ஃப்ரெட் முனை வெளியே வரும். நாள் முழுக்க ஏசி ஓடும் கடையில் தொங்கிய கிட்டாரில் இது சகஜம். லேசாகத் தட்டுப்பட்டால் அராவிச் சரிசெய்யலாம்.

ஃப்ரெட் உயரம்: ஏடிஎம் கார்டைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே அதன் விளிம்பை ஃப்ரெட்டுகளின்மேல் வையுங்கள். ஒரு நேரத்தில் மூன்று ஃப்ரெட்டை மட்டுமே தொட வேண்டும். நெக்கின் தலைப்பக்கத்தில் கார்டின் நீளப் பக்கம் சரியாக வரும். 5-ஆவது ஃப்ரெட்டிலிருந்து குட்டைப் பக்கம். கார்டு முன்னும் பின்னும் ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. 12-க்கு மேலே கார்டு நான்கு ஃப்ரெட்டைத் தொட்டுவிடும் என்பதால் அங்கே கார்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். ஒரே இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனாலோ அடுத்த ஃப்ரெட்டின் சத்தமே வந்தாலோ காரணம் இதுதான். ஒன்றிரண்டு இடமென்றால் ரிப்பேர்க்காரர் தட்டியோ அராவியோ சரிசெய்வார். ஐந்தாறு இடமென்றால் வேறு கிட்டாரை எடுங்கள். அதே மாடலின் அடுத்த பெட்டியே நன்றாக இருக்கக்கூடும்.

நட் (தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சிறு கட்டை): 2-ஆவது ஃப்ரெட்டுக்கும் 3-ஆவதுக்கும் நடுவே கம்பியை அழுத்திக்கொண்டு, 1-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் கனம் இருக்க வேண்டும். மலிவு கிட்டார்களில் பாதிப் புகார் இங்கிருந்துதான் கிளம்புகிறது. நட்டின் பள்ளத்தை அதிகம் வெட்டிவிட்டால் நட்டே வீண் என்பதால் ஆலையில் மேலோட்டமாக வெட்டி விட்டுவிடுகிறார்கள். விளைவு: எஃப் மேஜர் சுரக்கூட்டைப் பிடிக்கும்போது விரல் நோகும், திறந்த கம்பிகளோடு வாசிக்கும் சுரக்கூட்டுகள் ட்யூன் செய்த பிறகும் சுருதி ஏறியே கேட்கும். புதிதாகக் கற்பவர் தன் விரலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

சுருதி நிற்கிறதா: மூன்றாம் கம்பியை இழுத்து வளைத்துவிட்டு ட்யூனரைப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால் உடனே ட்யூனர் சாவிகளைக் குறை சொல்ல வேண்டாம். கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்வதே பெரும்பாலும் காரணம். சாவியைத் திருகும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்தால் அது உறுதி.

மின் இணைப்பு: ஆம்ப்ளிஃபையரில் சொருகி எல்லாத் திருகையும் முழுதாகத் திருப்புங்கள், ஸ்விட்சின் எல்லா இடத்தையும் பாருங்கள், ஒயர் முனையை ஜாக்கில் லேசாக அசையுங்கள். திருகின் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். ஜாக்கில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் சாலிடர் செய்ய வேண்டும்.

படி 5: வீட்டுக்கு வந்ததும் செட்டப்

வரிசை முக்கியம்: நெக், ஆக்‌ஷன், பிக்கப், கடைசியாக இன்டோனேஷன் (நெக்கின் எல்லா இடத்திலும் சுருதி சரியாக வருவது). மாற்றிச் செய்தால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும். புதுக் கம்பி போட்டு (0.009-0.042 அங்குல செட் தொடக்கத்துக்கு நல்லது) ட்யூன் செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

ஆறாவது (மிகத் தடித்த) கம்பியை 1-ஆவது ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 8-ஆவது ஃப்ரெட்டின்மேல் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளங்கள். 0.25 மி.மீ. இருக்க வேண்டும். அதிகமிருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கோல்) வலப்பக்கம் கால் சுற்று. குறைவென்றால் இடப்பக்கம் கால் சுற்று. மறுபடி ட்யூன் செய்து, மறுபடி அளங்கள். ஒரே மூச்சில் ஒரு சுற்று திருப்பவே கூடாது. ஆசிய கிட்டார்களில் பெரும்பாலும் 4 மி.மீ. ஆலன் சாவி பொருந்தும். ஐபனெஸ் பலவற்றுக்கு 7 மி.மீ. குழாய்ச் சாவி. தளர்வாக உட்காரும் சாவியால் திருகினால் முனை வழுக்கி வட்டமாகிவிடும், பிறகு பெரிய செலவு.

17-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியின் உயரம் (இதுதான் ஆக்‌ஷன்) 1.6 மி.மீ. வருமாறு சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டு) திருகுகளைச் சரிசெய்யுங்கள். கரகரத்தால் சற்றே ஏற்றுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால், கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. விடுங்கள். அதைவிட நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும்.

இன்டோனேஷனுக்கு 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சத்தம்) அழுத்திய சத்தத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள்.

நட் பள்ளத்தை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதற்கென்று உள்ள அரங்களை வைத்திருப்பவரிடம் கொடுங்கள். மலிவு கிட்டாருக்குச் செலவழிக்கும் முதல் காசு இதற்கே போகட்டும், புது பிக்கப்புக்கு அல்ல.

படி 6: நாடு கணக்கில் வரும் இடங்கள்

செகண்ட் ஹேண்ட் விலையில் நாட்டுக்கு மதிப்பு உண்டு. ஒரே நிலையிலிருக்கும் இரண்டு கிட்டாரில் ஜப்பான், மெக்சிகோ முத்திரை உள்ளது அதிக விலைக்குப் போகும். விற்று மேலே போகும் எண்ணமிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். போலிகளைப் பிடிக்கவும் நாடு உதவும்: அமெரிக்காவில் செய்யப்படும் கிப்சனின் பெயர் போட்டுக்கொண்டு ஸ்குவையர் விலைக்கு வருகிறதென்றால், தலைப்பகுதியில் ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள். கிப்சனில் இரண்டு திருகு. போலிகள் பலவற்றில் மூன்று.

பழைய கிட்டார் எந்த நாட்டுடையதானாலும், விற்பவர் முன்னிலையிலேயே ட்ரஸ் ராடை எட்டில் ஒரு சுற்று திருப்பிப் பார்க்கக் கேளுங்கள். ஏற்கெனவே கடைசிவரை இறுகியிருந்து, நெக்கும் இன்னும் வளைந்தே நின்றால், ‘மேட் இன் ஜப்பான்’ என்றிருந்தாலும் வாங்க வேண்டாம்.