தோளைப் பிடித்து வைத்திருக்கும் நான்கு தசைகள்: தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, மேல் கம்பியைப் பிடித்தபடி புறக்கோட்டை வரை நின்றே போயிருப்பீர்கள். சாரதி சடாரென்று பிரேக் போட்டால் உடம்பே முன்னால் சாயும், ஆனால் கை தோளைவிட்டுக் கழன்றுவிடாது. இதில் பெரிய பங்கு ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு சிறிய தசைகளுடையது.

முதலில் ஒரு தேசிக்காயைத் தேநீர்க் கரண்டியில் வையுங்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஓடியது ஞாபகம் வரும். கொஞ்சம் சரித்தாலே விழுந்துவிடும். தோள்மூட்டும் அப்படித்தான்: மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை, தோள்பட்டை எலும்பில் அதற்குள்ள குழி ஆழமற்றது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவதும், மூட்டு சுலபமாக விலகுவதும் இதனால்தான். இப்போது நான்கு விரல்களால் தேசிக்காயைக் கரண்டியோடு அணைத்துப் பிடியுங்கள். உருட்டலாம், ஆனால் விழாது. அந்த நான்கு விரல்கள்தான் நம் தசைகள்.

அடுத்து, வலது முழங்கையை 90 பாகை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். இடது கையை வலது அக்குளுக்குக் கீழாக விட்டு, தோள்பட்டை எலும்பின் பின்பக்கத்தைத் தொடுங்கள். வலது முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். விரலுக்கடியில் இறுகுகிறதே, அதுதான் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். பக்கத்திலேயே டெரெஸ் மைனர். சப்ஸ்கெப்புலாரிஸ் விலாவுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே ஒளிந்திருப்பதால் இப்படித் தொட முடியாது. உள்ளங்கையால் வயிற்றை அழுத்தும்போது அது வேலை செய்கிறது.

நான்காவது சுப்ராஸ்பைனேட்டஸ். கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கும்போது இது தோளை வெளியே மூடியிருக்கும் பெரிய டெல்டொயிட் தசைக்குத் துணை நிற்கிறது. டெல்டொயிட் எலும்பை மேலே இழுக்கும். மற்ற மூன்றும் உருண்டையைக் கீழ்நோக்கி இழுத்துக் குழியின் நடுவில் வைக்கும். அவை சோர்ந்தால் உருண்டை மேலேறும். சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் தோளின் எலும்புக் கூரைக்கு அடியால்தான் போகிறது, அங்கே நசுங்கலாம். அலுமாரியின் மேல்தட்டில் எதையாவது எடுக்கும்போது சுள்ளென்று வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பயிற்சி. சுருட்டிய துவாயை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, புறங்கையால் கதவு நிலையை 5 விநாடி அழுத்துங்கள். பத்துத் தடவை போதும். பாரம் தூக்கும் ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இந்தச் சின்னத் தசைகளுக்கு மெல்லிய வேலைதான் முதலில் தேவை. அழுத்தும்போது வலித்தால் நிறுத்துங்கள். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ, இரவில் வலி தூங்கவிடாவிட்டாலோ பயிற்சியை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள்.