ஜெர்மனியில் வாய்தவறி விடக்கூடாத வார்த்தைகள்

ஜெர்மனி வந்து ஆறேழு மாதத்தில் மொழி ஓரளவு பிடிபடும். உள்ளூர் நக்கல்களும் கூடவே ஒட்டிக்கொள்ளும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, 'ஓஸ்ஸி' என்பதைச் செல்லப்பெயராக நினைப்பது. கிழக்கு ஜெர்மனிக்காரர் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்வார். நீங்கள் சொன்னால் முகம் சுருங்கும். கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்குத் திரும்பி வந்த தாளில் 'ஓஸ்ஸி' என்று எழுதி, பக்கத்தில் கழித்தல் குறி போட்டிருந்தது. வழக்குப் போட்டார். கிழக்கு ஜெர்மனியர் தனி இனக்குழு அல்ல, எனவே இழப்பீடு இல்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டுட்கார்ட் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம், 2006-ஆம் ஆண்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் இனம், பாலினம், மதம், வயது எல்லாம் உண்டு, பிறந்த வட்டாரமோ வர்க்கமோ இல்லை.

'அஸ்ஸி' இன்னும் மோசம். டிராக்சூட்டில் பீர் பாட்டிலோடு நிற்பவரைப் பார்த்து இளைஞர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். 'அசோட்சியால்' (சமூகத்துக்கு ஒவ்வாதவர்) என்பதன் சுருக்கம் அது. வீடற்றோர், பிச்சையெடுப்போர் போன்றவர்களுக்கு நாஜிகள் அந்த முத்திரை குத்தி, வதைமுகாமில் கறுப்பு முக்கோணம் அணிவித்தார்கள். அவர்களும் நாஜிக் கொடுமைக்குப் பலியானவர்களே என்று நாடாளுமன்றம் ஏற்றது 2020-இல்தான்.

'கெவின்' ஜோக்கும் வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளையின் பெயர் என்ற இளக்காரம் அதற்குள் இருக்கிறது. 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வுக்காகக் கேட்டபோது, ஓர் ஆசிரியர் "கெவின் பெயரல்ல, நோய்க்கணிப்பு" என்றே எழுதினார்.

நம்மவர்கள் அடிக்கடி செய்வது வேறு: "டிகிரி இல்லையா?" என்று கேட்பது. பெரும்பாலான மாநிலங்களில் 4-ஆம் வகுப்போடு, அதாவது பத்து வயதிலேயே, குழந்தைகள் வெவ்வேறு பள்ளிவகைகளுக்குப் பிரிகிறார்கள். குடும்பப் பின்னணியும் அதில் கை வைக்கிறது. மேலும், தொழிற்பயிற்சியில் 'மைஸ்டர்' (தேர்ந்த தொழில் வல்லுநர்) ஆனவரும் இளங்கலைப் பட்டதாரியும் நாட்டின் தகுதிச் சட்டகத்தில் ஒரே 6-ஆம் நிலை.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. ஃப்ரைபுர்க்காரரை 'ஷ்வாபன்' (ஸ்டுட்கார்ட் வட்டாரத்துக்காரர்) என்று சொல்லாதீர்கள், அவர் அதே மாநிலத்தின் இன்னொரு வட்டாரமான பாடனைச் சேர்ந்தவர். நியூரம்பெர்க் பவேரியா மாநிலத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த ஊர்க்காரரைப் பவேரியன் என்றால் "ஃபிராங்கன்" என்று தன் வட்டாரப் பெயரைச் சொல்லித் திருத்துவார்.

வட்டாரப் பேச்சைப் பிழையென்று திருத்துவதும் தவறு. டிரெஸ்டனில் 'ஃபியர்டல் டிரை' (சொல்லுக்குச் சொல் 'கால் மூன்று') என்றால் மணி 2.15. 'டிரைஃபியர்டல் டிரை' ('முக்கால் மூன்று') என்றால் 2.45. வகுப்பில் படித்ததை நம்பி, 'ஃபியர்டல் டிரை'யை மூன்றேகால் என்று நினைத்து 3.15-க்குப் போனால், கூட்டம் கலைந்திருக்கும்.