சாட்சி சொல்ல முடியாத அளவு சின்ன நன்மைகளுக்கு நன்றி சொல்வது எப்படி?

ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்தால் யார் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். விசா கிடைத்தவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர், பல வருஷம் காத்திருந்து குழந்தை பெற்றவர். நாமும் மனசார அல்லேலூயா சொல்கிறோம், சரி. ஆனால் ‘பால் பொங்கி வழிவதற்குள் வந்து அடுப்பை அணைத்துவிட்டேன், ஸ்தோத்திரம்’ என்று யாராவது எழுந்தால் சபையே சிரிக்கும். இதனால் வாரம் முழுக்க நடக்கிற நன்மைகளில் முக்கால்வாசி கணக்கிலேயே ஏறாமல் போய்விடுகிறது, அப்புறம் ‘ஆண்டவர் எனக்கு என்ன செய்தார்’ என்ற புலம்பல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சின்னச் சின்ன நன்மைகளைத் தவறவிடாமல் பிடிக்கச் சில வழிகள் இருக்கின்றன. இதற்காக அதிகாலை நாலு மணிக்கு அலாரம் வைக்க வேண்டியதில்லை.

முதலில் உங்கள் ஜெபத்தை நீங்களே ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். ‘ஜீவன் தந்தீரே, சுகம் தந்தீரே, கண்ணின் மணிபோல் காத்தீரே’ என்று வாய் ஓடிக்கொண்டிருக்கும், மனசு இட்லி மாவு புளித்ததா என்று யோசித்துக்கொண்டிருக்கும். அந்த வார்த்தைகளில் தப்பு ஒன்றும் இல்லை, வேதத்திலிருந்து வந்தவைதான். அதோடு இன்று நடந்த ஒன்றே ஒன்றை, இடம் நேரத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். ‘பல் வலி குறைந்து மதியம் தயிர்சாதமாவது சாப்பிட முடிந்ததே ஆண்டவரே.’ ‘பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே ஒரு அக்கா, அவர் வீட்டை ஆசீர்வதியும்.’ இதே ஜெபத்தை நேற்றும் அப்படியே சொல்லியிருக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அது இன்னும் பொத்தாம்பொதுவாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள்.

அடுத்தது, நன்றியை ஒரு கைவேலையோடு கட்டிப்போடுவது. நம் ஊர்ச் சபைகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு, பிடி அரிசி. உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்தே ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போட்டுவிடுவார்கள், சேர்ந்ததும் கோவிலுக்குப் போய்விடும். மிசோரமில் ‘பூஃபாய் தாம்’ என்ற பெயரில் பெண்கள் இதையேதான் செய்கிறார்கள், அங்கே சபைகளின் மிஷனரி ஊழியத்துக்கு அந்த அரிசி பெரிய தூண். எனக்கு இதில் பிடித்தது, அந்தப் பிடி சாப்பாட்டுக்கு அளந்த அரிசியிலிருந்து போகிறது என்பதுதான். தினமும் கை அரிசிக்குள் போகும், அந்த இரண்டு விநாடியில் நேற்று நடந்த ஒன்றை நினைத்து வாய்விட்டே சொல்லிவிடலாம். மூட்டையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக இரண்டு கிலோ எடுத்துக் கொடுத்தால் தர்மம் சரியாக நடக்கும், ஆனால் தினசரி நினைவு வராது. உங்கள் சபையில் வாங்குவதில்லை என்றால் டப்பா நிறைந்ததும் தேவைப்படுகிற ஒரு வீட்டுக்குக் கொடுங்கள்.

வீட்டில் சமைக்காதவர்கள் வேறு ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கிளப்புவது, கதவைப் பூட்டுவது, லிஃப்டுக்காக நிற்பது, எதுவானாலும் சரி, ஒன்று போதும். ஐந்தாறு வேலையோடு சேர்த்தால் மூன்றாம் நாளே எல்லாம் மறந்துபோகும். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் என்பவருக்கு அந்த வேலையே பிடிக்காது, ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஜெப அறையில் இருப்பதுபோலவே ஆண்டவரோடு பேசப் பழகிக்கொண்டார். யோவான் 21ஐ எடுத்துப் பாருங்கள், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் தயாராக வைத்துக்கொண்டு ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்கிறார். மரணத்தை ஜெயித்தவர் காலைச் சாப்பாடு செய்து வைத்திருக்கிறார்! அடுப்படியில் அவரைத் தேட இதைவிட என்ன காரணம் வேண்டும்?

பகலில் ஒன்றும் கண்ணில் படவில்லையா, பரவாயில்லை, நிறையப் பேருக்கு ராத்திரியில்தான் பிடிபடும். சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை இதற்கு நல்ல வழி, கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தாராளமாகச் செய்யலாம். படுக்கும் முன் விளக்கை அணைத்துவிட்டு முதலில் நன்றி. பிறகு நாளைச் சரியாகப் பார்க்க வெளிச்சம் கேளுங்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து மணி மணியாக ஓட்டிப் பாருங்கள், எங்கே மனசு லேசானது, எங்கே சுருக்கென்று கோபம் வந்தது என்று. தப்புக்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம், அவ்வளவுதான். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தப்பிலிருந்து ஆரம்பித்தால் அது நம்மை நாமே திட்டிக்கொள்ளும் நேரமாகிவிடும், தூக்கமும் போய்விடும்.

நன்றி சொல்லவே வாய் வராத நாட்களும் உண்டு. அன்றைக்கு இழுத்துப்பிடித்துச் சிரிக்க வேண்டாம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்குகிற 13ஆம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது, அதுகூட ஆறாம் வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடுகிறது, 88ஆம் சங்கீதமோ கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதையே வாசித்துவிட்டுப் படுங்கள், அதுவும் ஜெபம்தான். தயவுசெய்து துக்க வீட்டுக்குப் போய் ‘எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். காபி போட்டுக் கொடுங்கள், வந்தவர்களின் செருப்பை ஓரமாக எடுத்து வையுங்கள். ஆண்டவர் அந்த வீட்டில் இருப்பது அவர்களுக்கு அதில் தெரிந்தால் போதும்.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, காபி போட்ட மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாத அண்ணன்மார் சபையில் நிறைய உண்டு. லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன்தான் இயேசுவுக்கு நன்றி சொல்லத் திரும்பி வந்தான், அவனும் யூதர்கள் அந்நியனாகப் பார்த்த சமாரியன். அவன் வந்த வழியிலேயே நடந்து திரும்பினான் பாருங்கள், அதைச் செய்யுங்கள். பையை வைத்துக்கொண்ட அக்காவிடம் இறங்குவதற்கு முன் ‘ரொம்ப நன்றிக்கா’ என்று சொல்லுங்கள், கேஸ் சிலிண்டரை இரண்டு மாடி தூக்கி வந்த தம்பிக்குத் தண்ணீர் கொடுங்கள்.

குடும்ப ஜெபத்தில் பாட்டுக்கும் வேத வாசிப்புக்கும் நடுவில் ஆளுக்கு ஒன்று சொல்ல ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள், பிள்ளைகள் முதலில். ‘இன்னைக்குக் கணக்கு டீச்சர் லீவு, ஸ்தோத்திரம்’ என்று ஒன்று வரும். முறைக்காதீர்கள், ஆமென் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கேளுங்கள்.